சைலன்சரை மாற்றினாய், ஜெட்டைப் பார்த்தாயா?



மாலை மணி அடித்ததும் நம் வண்டி ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பத்து வண்டி கிளம்பினால் அதில் இரண்டு வண்டி ஊரையே எழுப்பிக்கொண்டு கிளம்பும். உடனே நாலு பேர் சுற்றி நின்றுகொள்வார்கள். "மச்சி, சவுண்டு சூப்பர்டா! எங்கடா மாட்டுன? எவ்வளவுடா ஆச்சு?" என்று கேள்விகள் பறக்கும். ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "ஜெட் பார்த்தியாடா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

போன வருடம் என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தவன் நான் மட்டுமல்ல, என் நண்பனும்தான். அதனால்தான் மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னபோது கவிதை, கதை என்று போகாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான புது பைக்குகளில் பழைய கார்புரேட்டர் இல்லை. அவற்றில் எரிபொருளை ஊசி மூலம் பீய்ச்சும் முறைதான். ஆனால் நம்மில் பலர் ஓட்டுவது அப்பா ஓட்டிய வண்டி, மாமா கொடுத்த வண்டி, புதுப்பித்த பழைய வண்டி. அதிலெல்லாம் கார்புரேட்டர்தான். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

நடந்தது என்ன?

எங்கள் பெரியப்பாவின் 1994 மாடல் புல்லட் 350 என் கைக்கு வந்தது. 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர். வந்த வாரமே ஒரு கடையில் ஃப்ரீ ப்ளோ சைலன்சர் மாட்டினேன். கம்பெனி சைலன்சரை மூட்டையாகக் கட்டி வீட்டுப் பரணில் போட்டேன். கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார், காசு வாங்கினார், அவ்வளவுதான். டவுனுக்குள் ஓட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டால் "பட், பட்" என்று வெடிக்கும். அதையும் நான் ஒரு அழகு என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பனும் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி போனோம். இதிலே வேடிக்கை என்னவென்றால், குன்னூர் தாண்டியதும் வண்டி கீழே ஓடியதைவிட ஒழுங்காக ஓடியது. தயக்கம் இல்லை, வெடிப்பு குறைந்தது. "பாத்தியா, சைலன்சர் இப்பத்தான் செட் ஆகுது" என்று பெருமையாகச் சொன்னேன். உண்மையில் செட் ஆனது சைலன்சர் அல்ல. அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு, மத்தியான வெயிலில் சமவெளிச் சாலையில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தேன். காரமடை தாண்டிக் கொஞ்ச தூரம். திடீரென்று யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. 'கிரீச்' என்ற சத்தத்தோடு பின்சக்கரம் நின்றுபோய் வண்டி கோணிக்கொண்டது. நான் கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்னால் இருந்தவன் ரோட்டில் விழுந்துவிட்டான். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தோம், உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. செய்முறைத் தேர்வுக்கு அப்போது மூன்றே வாரம் இருந்தது.

வண்டியை ஏற்றி வந்து எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் பட்டறையில் இறக்கினோம். அவர் சிலிண்டரைக் கழற்றவே இல்லை. முதலில் ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"தம்பி, சைலன்சரு மாத்துனீங்க சரி. ஜெட்டப் பாத்தீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"பின்ன எப்படிங்க? மூக்க அடைச்சிருந்தவனுக்குத் தொறந்து விட்டுட்டீங்க, சோறு மட்டும் பழைய அளவே போட்டா ஆகுமா?"

அவர் சொன்னதைப் பாடப் புத்தகத்தோடு வைத்துப் படித்ததில் எனக்குப் புரிந்ததுதான் இனி வருவது.

சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கும் டப்பாவா?

இல்லை. அது என்ஜினின் ஓர் உறுப்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தை, அல்லது முடியும் இடத்தை அடைந்ததும் அது இழுக்கும் அலையாக மாறி என்ஜினை நோக்கித் திரும்பி வருகிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை 'ஓவர்லாப்' என்று படித்திருக்கிறோம். இழுக்கும் அலை அந்த நேரம் பார்த்து வந்தால் மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றையும் உள்ளே இழுத்துக் கொடுக்கும். நேரம் தவறினால் புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். குழாயின் நீளம், விட்டம், உள்ளே இருக்கும் தடுப்புகள் எல்லாம் சேர்ந்துதான் எந்த வேகத்தில் அந்த நேரம் பொருந்தும் என்பதை முடிவு செய்கின்றன.

"என்ஜினுக்குப் பின் அழுத்தம் வேண்டும், அது இல்லாவிட்டால் பவர் போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். பின் அழுத்தம் எந்த என்ஜினுக்கும் நல்லது செய்வதில்லை. ரொம்ப அகலமான குழாய் மாட்டினால் வாயுவின் வேகம் குறைந்து, அலையின் நேரமும் மாறிவிடுகிறது. அதனால்தான் கீழ் வேகத்தில் இழுவை போகிறது. பார்ப்பவர்கள் அதைப் பின் அழுத்தம் போனதன் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கார்புரேட்டருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது! அதுதான் சிக்கல். ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வருகிறது. முழு பவருக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கூட வேண்டும். அதாவது 12.5 முதல் 13 வரை காற்றுக்கு 1 பெட்ரோல். இந்த அளவை வைத்துக் கொடுப்பது ஒரு சின்னப் பித்தளைத் துளை. அதற்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை.

காற்று அதிகமாகப் போனால் வென்சுரியில் உறிஞ்சலும் கூடி பெட்ரோலும் கூடத்தானே வரும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஓரளவு கூடும், ஆனால் கச்சிதமாகக் கூடாது. கம்பெனிக்காரன் ஜெட் எண்ணைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி சைலன்சரின் அலைகளை வைத்து. அங்கே சில வேகங்களில் காற்று கார்புரேட்டர் வழியாகக் கொஞ்சம் பின்னோக்கி வந்து மறுபடி உள்ளே போகும். அந்தக் காற்றில் இரண்டு முறை பெட்ரோல் சேரும். தடை இல்லாத சைலன்சர் வந்ததும் இந்தப் போக்குவரத்து மாறுகிறது. மேலும், புகை விதிக்காகவும் மைலேஜுக்காகவும் கம்பெனி வண்டிகளில் கலவையைச் சிக்கனமாகவே வைத்திருப்பார்கள். ஆகவே கொஞ்சம் மாறினாலும் 'லீன்' பக்கம் சாய்ந்துவிடும். பெட்ரோல் குறைந்த கலவை லீன், பெட்ரோல் கூடிய கலவை ரிச் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இதோடு இன்றைய பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு ஒன்றுக்கு 9 பங்கு காற்றே போதும். கலந்து கணக்கிட்டால் 14.7 என்ற எண் சுமார் 13.5 ஆகிறது. அதாவது 1994-ல் வைத்த அதே ஜெட்டில் இன்றைய பெட்ரோல் ஓடினால், சைலன்சரைத் தொடாமலே கலவை ஏறக்குறைய 8 சதவீதம் லீன்.

இப்போது ஊட்டி விஷயத்துக்கு வருவோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 5-ல் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தாலும் கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைக்காது. கலவை பத்து சதவீதத்துக்கு மேல் ரிச் ஆகிவிடும். அதனால்தான் கீழே லீனாக இருந்த என் வண்டி மேலே போனதும் 'சரி' ஆனது. நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு, கீழே வந்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்தேன். மலை கொடுத்த நற்சான்றிதழ் மேட்டுப்பாளையத்தோடு செல்லாது என்று எனக்குத் தெரியவில்லை.

லீன் ஆனால் என்ஜின் ஏன் பிடிக்கிறது?

முழு ஆக்சிலேட்டரில் கொடுக்கும் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு பிஸ்டன் தலையையும் வால்வையும் குளிர்விக்கிறது. அது இல்லாவிட்டால் சூடு ஏறும். மேலும் லீன் கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருக்கும்.

இனி மெட்டீரியல்ஸ் பாடம். புல்லட் 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பிஸ்டன் அலுமினியக் கலவை, என் வண்டியின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 70 மி.மீ. பிஸ்டன் சுமார் 0.15 மி.மீ. பெருக்கும். சிலிண்டரும் அதே 100 டிகிரி கூடினால்கூடப் பாதி அளவுதான் பெருக்கும். ஆனால் வெளியே காற்றுப் படும் சிலிண்டர் அவ்வளவு சூடாவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி காகிதத் தடிமன்தான். அது தீர்ந்ததும் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் 'சீஸ்'. சக்கரம் நிற்பது அப்புறம்தான்.

ஆக்சிலேட்டரைப் பிரித்துப் படிப்போம்

பலரும் "ட்யூனிங்" என்றால் ஸ்க்ரூ டிரைவரால் காற்று ஸ்க்ரூவைத் திருகுவது என்று நினைக்கிறார்கள். அது கால் பங்கு உண்மைகூட இல்லை. ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்யும் ஆள் மாறுகிறார்:

1. மூடிய நிலையிலிருந்து 8-ல் 1 பங்கு வரை: பைலட் ஜெட், காற்று ஸ்க்ரூ.
2. 8-ல் 1 முதல் 4-ல் 1 வரை: ஸ்லைடின் அடியில் வெட்டிய சரிவு.
3. 4-ல் 1 முதல் 4-ல் 3 வரை: ஊசியும் ஊசி ஜெட்டும்.
4. 4-ல் 3 முதல் முழுக்கத் திறந்த நிலை வரை: மெயின் ஜெட்.

எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படியும். ஆனால் இந்த நாலு வரி மனதில் நின்றால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள். நான் காரமடையில் பிடித்தது முழு ஆக்சிலேட்டர். அங்கே காற்று ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருகியிருந்தாலும் என்னைக் காப்பாற்றியிருக்காது.

வேலையை ஆரம்பிக்கும் முன்

கார்புரேட்டரைத் தொடும் முன் மற்றதெல்லாம் சரியா என்று பாருங்கள். டாப்பெட், பாயின்ட் இடைவெளி, டைமிங், காற்று பில்டர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். சைலன்சர் பெண்டு சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு இருக்கக் கூடாது. கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போனாலும் ஆக்சிலேட்டரை விடும்போது "பட் பட்" என்று வெடிக்கும். அதை லீன் என்று தவறாக நினைத்து ஜெட்டை மாற்றிக்கொண்டே போவோம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங்கும் அப்படித்தான்.

அடுத்து ஒரு நோட்டு எடுங்கள். கழற்றிய மெயின் ஜெட் எண், பைலட் ஜெட் எண், ஊசி கிளிப் மேலிருந்து எத்தனாவது பள்ளத்தில் இருக்கிறது, காற்று ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருக்கிறது, இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று சொல்பவன் யாருக்கும் இருந்ததில்லை.

மூன்றாவது, ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழு என்று பேனாவால் கோடு போடுங்கள். அசையாத பக்கத்தில் ஒரு கோடு. இப்போது கோளாறு எந்தப் பங்கில் வருகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ட்யூனிங், படிப்படியாக

முதல் படி, மெயின் ஜெட். எப்போதும் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ரிச் பக்கத்திலிருந்துதான் இறங்கி வர வேண்டும். ரிச் ஆனால் ப்ளக் கருக்கும், பெட்ரோல் வீணாகும். லீன் ஆனால் பிஸ்டன் போகும். எதை முதலில் சந்திக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். என் வண்டியில் இருந்தது 90. இரண்டு அளவு ஏற்றி 100 போட்டோம்.

சோதனை செய்ய நெடுஞ்சாலையில் நூறில் பறக்கத் தேவையில்லை. போக்குவரத்து இல்லாத ஒரு மேட்டுச் சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலே என்ஜினுக்கு முழுப் பளு வந்துவிடும், வேகமும் கைக்குள் இருக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். ஒரு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும். அப்படிப் பிடித்திருக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு நூல் மூடிப் பாருங்கள். மூடியதும் வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் மெயின் ஜெட் லீன். முழுத் திறப்பில் இருமிக்கொண்டு, திணறி, கரும்புகை வந்தால் ரிச்.

அடுத்து ப்ளக் பார்ப்பது. முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து, உருண்டு ஓரமாக நின்று ப்ளக்கைக் கழற்ற வேண்டும். ஐடிலில் விட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐடில் நிறம்தான் தெரியும். வெள்ளைப் பீங்கானின் அடியில், உள்ளே ஆழத்தில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள். இளம் காபி நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளையோ, பொடிப்பொடியாக உலோகத் துகளோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அடுப்புக் கரி மாதிரி இருந்தால் ரிச். ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. அதற்கு முன் ஓட்டியவர்கள் சொல்லும் அடர்ந்த பழுப்பு நிறத்தை இன்றைய பெட்ரோலில் தேடக் கூடாது. இன்று கிடைப்பது இன்னும் வெளிறிய நிறம்தான். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் இழுவையையும் சேர்த்துப் பாருங்கள்.

என் வண்டி 100-ல் மேல் வேகத்தில் திணறியது. 95 போட்டதும் சரியானது.

இரண்டாம் படி, ஊசி. அரை ஆக்சிலேட்டரில் தயக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அதே நிலையில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். வண்டி தெளிந்தால் லீன், மோசமானால் ரிச். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், கலவை ரிச் ஆகும். பலருக்கு இங்கேதான் தலைகீழாகக் குழப்பம் வரும். என் வண்டியில் நடுப் பள்ளத்திலிருந்து ஒரு பள்ளம் இறக்கினோம்.

மூன்றாம் படி, காற்று ஸ்க்ரூ. வண்டி சூடான பிறகு ஐடிலைச் சற்று ஏற்றி வைத்து, ஸ்க்ரூவை மெல்லத் திருகி, என்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் ரிச். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால்தான் ரிச். இது தெரியாமல் திருகினால் நோய்க்கு எதிர் மருந்து கொடுத்த கதைதான். சரியான இடம் ஒன்றரைச் சுற்றிலிருந்து ரொம்ப விலகிப் போனால் பைலட் ஜெட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒருசேர மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. ஜெட் கிடைக்கவில்லை என்று பழைய ஜெட்டிலேயே கம்பி விட்டுத் துளையைப் பெருக்குவது. 0.90 மி.மீ. துளை 0.95 ஆனால் விட்டம் கூடியது 0.05 தான், பரப்பு கூடியது 11 சதவீதம்! கையால் அந்த அளவுக்கு யாராலும் நிறுத்த முடியாது. துளையின் ஓரம் பிசிறானால் ஓட்டமும் மாறும். எண் அடித்த அசல் ஜெட்டே வாங்குங்கள். ஒரு கம்பெனி ஜெட்டின் எண்ணை வேறு கம்பெனி ஜெட்டோடு ஒப்பிடாதீர்கள், கணக்கு வேறு வேறு.

நான் சொன்ன 95, நாலாம் பள்ளம் எல்லாம் என் வண்டிக்கு, என் சைலன்சருக்கு, கோவைக் காற்றுக்கு. அப்படியே காப்பி அடித்தால் பரீட்சையில் பக்கத்துப் பையனின் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதியவன் கதை ஆகிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்.

டூ ஸ்ட்ரோக் நண்பர்களுக்கு

1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்ற ஆர்.எக்ஸ்.100 இன்றும் நம் ஸ்டாண்டில் நிற்கிறது. அதன் சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுபவர்கள் கவனிக்கவும். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வு இல்லை. போர்ட் வழியாகத் தப்பியோடும் புதுக் கலவையைத் திரும்ப உள்ளே தள்ளுவதே சைலன்சரின் அலைதான். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். அவருடைய ஓட்டவீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனபோது அப்படியே மேற்குக்குத் தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே, 1962-ல், சுசுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம். ஒரு குழாயின் வடிவத்தைப் பற்றிய அறிவுக்கு அவ்வளவு மதிப்பு! அதை நாம் ஹாக்ஸா பிளேடால் அறுத்து எறிகிறோம்.

மேலும், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஒரு பக்கம், ஆயில் பஞ்சம் ஒரு பக்கம். சீஸ் ஆக வேறென்ன வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

ட்யூனிங் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றக் கூடாது என்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி சைலன்சர் பற்றியது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். எனவே எந்த சைலன்சர் மாட்டினாலும் உள்ளே சத்தம் அடக்கும் பாகம் இருக்கிறதா, விதிக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழாய் பந்தய மைதானத்துக்கு மட்டும்தான்.

புகைச் சோதனையும் உண்டு. ஐடிலில் கார்பன் மோனாக்சைடு, 2000 மார்ச் வரை தயாரான டூ வீலர்களுக்கு 4.5 சதவீதத்துக்குள்ளும், அதற்குப் பின் பி.எஸ்.4 வரை வந்தவற்றுக்கு 3.5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஐடிலில் அளப்பதால் இங்கே பேசுவது பைலட் ஜெட்டும் காற்று ஸ்க்ரூவும்தான். சோதனையில் பாஸ் ஆனது என்பதற்காக மெயின் ஜெட் சரி என்று அர்த்தமில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக

போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, மேலே சொன்ன முறையில் ட்யூன் செய்து முடித்தோம். பலன் என்ன என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். மேல் வேகத்தில் இழுவை கொஞ்சம் கூடியது. டவுனுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை. மைலேஜ் 35-லிருந்து 32 ஆனது. சத்தத்தைப் பவர் என்று என் காது என்னை நம்ப வைத்திருந்தது. இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, பரணில் இருந்த கம்பெனி சைலன்சரை நானே இறக்கி மாட்டினேன். பழைய 90 ஜெட்டை அப்படியே போடவில்லை. இன்றைய பெட்ரோலுக்கு அது போதுமா என்று திரும்ப முதல் படியிலிருந்து ப்ளக் பார்த்துத்தான் முடிவு செய்தேன். சைலன்சரை மாற்றினாலும் ஜெட், திரும்ப மாட்டினாலும் ஜெட்!

நண்பனுக்கு மாவுக்கட்டு பிரிக்க ஆறு வாரம் ஆனது. அந்த செமஸ்டரில் அவனால் மெஷின் டிராயிங் எழுத முடியவில்லை. அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறிவிட்டான். ஆனால் அரியர் என்ற ஒரு வரி அவன் மதிப்பெண் பட்டியலில் என்னால் விழுந்தது. அவன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இந்தக் கட்டுரையை முதலில் படித்தவனும் அவன்தான். "கிளட்ச்ல வெரல் வைக்கணும்னு பெருசா எழுதுடா" என்றான். எழுதிவிட்டேன்.

நண்பர்களே, சைலன்சரை மாற்றுகிறவன் என்ஜினையே மாற்றுகிறான். காசு வாங்கி மாட்டிக் கொடுப்பவர் கடையோடு சரி, பின் சீட்டில் உட்காருபவன் நம்மை நம்பி உட்காருகிறான். நாம் படிப்பது டிப்ளமோ. காதால் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், ப்ளக்கைக் கழற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றி முடிவு செய்வதுதான் நம் படிப்புக்கு அழகு.

அடுத்த முறை ஸ்டாண்டில் ஒரு வண்டி உறுமினால், விலை கேட்கும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "ஜெட் பார்த்தியாடா?"



— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்